பெருங்குடியில் ஒரு கெர்னல் பட்டறை

பழைய மகாபலிபுரம் சாலையின் இரைச்சலை விட்டுப் பெருங்குடியின் ஒரு குறுக்குத் தெருவில் திரும்பினால், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்தச் சிறு நிறுவனம். ஆறேழு பேர் வேலை செய்கிறார்கள். மேசைகளில் கணினிகளைவிடச் சர்க்யூட் போர்டுகள்தான் அதிகம். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பின்னிக் கிடக்கும் சீரியல் கேபிள்கள். நூற்பாலை இயந்திரங்களின் அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து சொல்லும் ஒரு பெட்டியை இவர்கள் தயாரிக்கிறார்கள். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அந்த லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தாங்கள் எடுத்துக்கொண்ட பிராசசருக்குப் பொருந்தும்படி கட்டித் தருவது இங்கே இருவருடைய வேலை. அந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் நான் போனேன்.

மூத்தவர் பெண். செட்டாப் பாக்ஸ் காலத்திலிருந்தே கெர்னலோடு மல்லுக்கட்டுபவர். இளையவர் விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்து வந்தவர். மூத்தவரை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்.

இளையவரின் திரையில் நீலப் பின்னணி, நடுவே சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் வரிவரியாகத் தேர்வுகள். மெனுகான்ஃபிக் என்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு சிறு அடைப்பு. அதில் நட்சத்திரக் குறி விழுந்தால் அந்த வசதி கெர்னலோடு ஒன்றாகக் கட்டப்படும். எம் என்று விழுந்தால் அது மாட்யூல். தேவைப்படும்போது கோப்பிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம். காலியாக விட்டால் அந்த வசதியே இராது. இப்படி 15,000-க்கும் மேற்பட்ட தேர்வுகள் லினக்ஸ் மூலநிரலில் இருக்கின்றன. சூப்பர் கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் வீட்டு வைஃபை பெட்டியிலும் ஓடும் கெர்னல்கள் ஒரே மூலநிரலின் வழிவந்தவை என்றால், அதற்கு இந்தத் தேர்வுகள்தான் காரணம். 2002-இல் ரோமன் ஸிப்பல் எழுதிச் சேர்த்த கேகான்ஃபிக் என்ற மொழிதான் இன்றும் இதைத் தாங்கி நிற்கிறது. அதே காலத்தில் எரிக் ரேமண்ட் எழுதிய மாற்று அமைப்பு ஏற்கப்படவில்லை.

எல்லாவற்றையும் ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு பிராசசர் கட்டமைப்புக்கும் டெஃப்கான்ஃபிக் என்ற தொடக்கக் கோப்பு மூலநிரலிலேயே இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பித்து, கூட்டியும் குறைத்தும் டாட் கான்ஃபிக் என்ற கோப்பை உருவாக்கிக்கொள்கிறார்கள். திறமை தெரிவது இந்தக் கூட்டலிலும் குறைத்தலிலும்தான்.

இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பு. 2010-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யாருக்கும் உரிமத் தொகை கட்டாமல் எவரும் அதன்படி சிப் வடிவமைக்கலாம். லினக்ஸ் கெர்னலுக்குள் அது வந்தது 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில். சென்னைக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. காமகோடி தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி பிராசசர்கள் இதே கட்டமைப்பைச் சேர்ந்தவை. 2018-இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் அச்சான சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. பின்னர் சண்டிகரை அடுத்த மொகாலி ஆலையில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உள்நாட்டிலேயே ஒன்று தயாரானது. 2022 ஏப்ரலில் மத்திய அரசு டி.ஐ.ஆர்.-வி என்ற ரிஸ்க்-ஃபைவ் திட்டத்தையே அறிவித்தது. சிப் வந்தால் மட்டும் போதாது, அதன் மேல் கெர்னலை நிற்கவைக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இந்த மாடியில் நான் தேடிப் போனது அவர்களைத்தான்.

ரிஸ்க்-ஃபைவ் சிப்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடிப்படைக் கட்டளைத் தொகுதி ஒன்று. அதற்கு மேல் பெருக்கல் வகுத்தலுக்கு எம், தசமக் கணக்குக்கு (ஃப்ளோட்டிங் பாயின்ட்) எஃப், டி, சுருக்கக் கட்டளைகளுக்கு சி, வெக்டர் கணக்குக்கு வி என்று எழுத்து எழுத்தாகச் சேர்த்துக்கொள்வது சிப் வடிவமைப்பவரின் விருப்பம். ஆகவே கெர்னல் கட்டுபவர் முதலில் தன் சிப்புக்கு எந்தெந்த எழுத்து உண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும். சுருக்கக் கட்டளை இல்லாத சிப்புக்கு அந்தத் தேர்வைப் போட்டுக் கெர்னலைக் கட்டினால், அது முதல் அடிகளிலேயே விழுந்துவிடும். வெக்டர் அப்படியல்ல, அந்தத் தேர்வு போட்டிருந்தாலும் சிப்பில் வெக்டர் இருக்கிறதா என்று கெர்னல் ஓடும்போதே பார்த்துக்கொள்ளும். எது கட்டும்போதே முடிவாகிறது, எது ஓடும்போது முடிவாகிறது என்ற இந்த வேறுபாடு கையேட்டின் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. படித்தும் பட்டும்தான் வருகிறது.

மேசையில் இருந்தது விஷன்ஃபைவ் 2 போர்டு. ஜே.எச்.7110 சிப், நான்கு கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ். வெக்டர் கிடையாது; தசமக் கணக்கும் சுருக்கக் கட்டளையும் உண்டு. நான் போன சமயம் இளையவர் கெர்னலின் அளவைக் குறைக்கும் முயற்சியில் இருந்தார். ஒலி, கிராஃபிக்ஸ், புளூடூத், யாரும் தொடாத பழைய கோப்பு முறைமைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார். எடுத்தால் இடம் மிச்சம், பூட் சீக்கிரம். அதைவிட முக்கியம், உள்ளே இல்லாத நிரலை யாரும் தாக்க முடியாது.

கட்டி முடித்து, எஸ்.டி. கார்டில் எழுதி, போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். 115200 வேகத்தில் சீரியல் திரையில் எழுத்துகள் ஓடின. ஓபன்எஸ்.பி.ஐ., யு-பூட் என்ற தொடக்க நிரல்களின் செய்திகள், பிறகு 'ஸ்டார்ட்டிங் கெர்னல்'. நினைவகத்தைக் கண்டது, நான்கு கோரும் எழுந்தன, எஸ்.டி. கார்டு தெரிந்தது, ரூட் கோப்பு முறைமையும் மவுண்ட் ஆனது. அடுத்த நொடி கெர்னல் பேனிக். இனிட் என்ற முதல் நிரல் செத்துவிட்டது என்று ஒரு வரி. அதன் முடிவில் எக்ஸிட்கோட் என்று போட்டு நிறையப் பூஜ்யங்கள், கடைசியில் ஒரு 4.

"ரூட் வரைக்கும் வந்துடுச்சுக்கா. அப்புறம்தான் பேனிக் ஆகுது. கார்டு கரப்ட் ஆயிருக்குமோ?"

மூத்தவர் தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அந்தக் கடைசி வரியை மட்டும் பார்த்தார். "கார்டு நல்லாத்தான் இருக்கு. நாலு போட்டிருக்கு பாரு. நாலுன்னா எந்த சிக்னல்?"

இளையவர் யோசித்து, "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்றார்.

"அப்ப எஃப்.பி.யு.வை எடுத்துட்டியா தம்பி?"

எஃப்.பி.யு. என்பது தசமக் கணக்கு ஆதரவுக்கான தேர்வு. எடுத்திருந்தார். அவர் எடுத்ததற்கு ஒரு நியாயமும் இருந்தது. கெர்னல் தன் வேலைக்குத் தசமக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. அதனால் அந்த ஆதரவு வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தேர்வு கெர்னலின் சொந்தக் கணக்குக்காக இல்லை. பயனர் நிரல்கள் அந்த ரெஜிஸ்டர்களைத் தொட அனுமதிப்பதும், ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அவற்றின் மதிப்புகளைக் காத்துத் தருவதும் அதன் பொறுப்பு. அவர்கள் வைத்திருந்த டெபியன் கோப்புகள் தசமக் கணக்கு வன்பொருள் உண்டு என்று நம்பிக் கட்டப்பட்டவை. அனுமதி இல்லாததால் முதல் நிரலே சட்டவிரோதக் கட்டளை என்று விழுந்துவிட்டது. சிப்பில் வசதி இருந்தும் கெர்னல் கதவைத் திறக்கவில்லை.

ஒரு பக்கம் நிரம்ப எழுத்து ஓடிய இடத்தில் ஒற்றை இலக்கத்தைப் பிடித்துக் காரணத்துக்குப் போன அந்த வேகத்தை நான் மறக்கவில்லை. இதை எந்தப் பாடத்திட்டமும் நேரடியாகச் சொல்லித் தருவதில்லை.

மாட்யூல் பற்றிப் பேச்சு வந்தபோது இளையவரே ஒன்று சொன்னார். சேர்ந்த புதிதில் எஸ்.டி. கார்டு டிரைவரை எம் என்று வைத்துவிட்டாராம். டிரைவர் கோப்பு இருப்பது எஸ்.டி. கார்டில். கார்டைப் படிக்க அந்த டிரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். "பேனிக் ஆகியிருந்தாக்கூட கண்டுபிடிச்சிருப்பேன் சார். ரூட்வெயிட் போட்டிருந்ததால சத்தமில்லாம காத்துக்கிட்டே இருந்துச்சு. நானும் காத்துக்கிட்டே இருந்தேன்." இனிட்ராம்ஃப்எஸ் என்ற தொடக்க நினைவகக் கோப்புத் தொகுப்பில் டிரைவரை வைத்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். சிறிய பெட்டிகளில் அதையும் தவிர்த்து, பூட் ஆகத் தேவையான அத்தனையையும் கெர்னலோடே சேர்த்துக் கட்டிவிடுவது இவர்கள் வழக்கம்.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இன்னொன்று. டாட் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, வேண்டிய வரியைக் கையால் எழுதிச் சேமித்து, ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டினால் சில சமயம் அந்த வரி காணாமல் போய்விடும். பிழைச் செய்தியும் வராது. காரணம், அந்தத் தேர்வு சார்ந்திருக்கும் தாய்த் தேர்வு மூடிக் கிடக்கிறது. மூத்தவர் மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தித் தேர்வின் பெயரைத் தேடிக் காட்டினார். அது எந்த மெனுவில் இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது, எது அதை இழுத்துக்கொண்டு வருகிறது என எல்லாம் அங்கே வரிசையாக வந்தன. "கோப்பைக் கையால தொடாதே, காரணத்தைத் தேடு" என்பது அவர் இளையவருக்கு முதல் வாரத்தில் சொன்ன விதியாம்.

நேரம் சார்ந்த தேர்வுகளும் உண்டு. கெர்னலின் கடிகாரத் துடிப்பை நொடிக்கு 100, 250, 300, 1000 என்ற நான்கில் ஒன்றாக வைக்கலாம். 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பிலிருந்து, நிகழ்நேரப் பணிகளுக்கான பிரீஎம்ப்ட்-ஆர்.டி. தேர்வும் ரிஸ்க்-ஃபைவுக்கு மூலநிரலிலேயே கிடைக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் "ரியல் டைம் வேணும்" என்று கேட்டாராம். மூத்தவர் போடவில்லை. அதிர்வை அளப்பது தனி மைக்ரோகன்ட்ரோலர். நேரம் தவறாமல் அளப்பது அதன் கடமை. லினக்ஸ் அந்த எண்களை வாங்கிச் சேமித்து அனுப்பினால் போதும். ஆகவே 250 அப்படியே இருக்கிறது. புதிதாக வந்த வசதி என்பதற்காக ஒன்றைச் சேர்க்காமல், பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்டுச் சேர்க்கும் இந்த நிதானம்தான் என் கண்ணில் தேர்ந்த கைக்கு அடையாளம்.

எனக்கு மிகப் பிடித்தது அவர்கள் கணக்கு வைத்திருக்கும் முறை. முழு டாட் கான்ஃபிக்கை அவர்கள் பாதுகாப்பதில்லை. சேவ்டெஃப்கான்ஃபிக் கட்டளை, இயல்பிலிருந்து மாறிய தேர்வுகளை மட்டும் சிறு கோப்பாகத் தரும். அதைத்தான் கிட் என்ற பதிப்புக் கண்காணிப்பு மென்பொருளில் வைக்கிறார்கள். ஒரு மாற்றத்துக்கு ஒரு பதிவு. பதிவோடு காரணம் இரண்டு வரி. எஃப்.பி.யு. தேர்வு இல்லாமல் பேனிக் ஆன அன்றும், திருத்திய கையோடு இளையவர் அந்த இரண்டு வரியை எழுதிய பிறகுதான் தேநீருக்கு எழுந்தார்.

பல போர்டு தயாரிப்பாளர்கள் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். ஏதோ ஒரு பழைய கெர்னலை எடுத்து, ஆயிரக்கணக்கான மாற்றங்களைக் குவித்து, காரணம் எதுவும் எழுதாமல் போர்டோடு தந்துவிடுகிறார்கள். வாங்குபவர் அதன் கான்ஃபிக்கை அப்படியே நகலெடுக்கிறார், அவரிடமிருந்து அடுத்தவர். பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து புதிய கெர்னலுக்கு மாற வேண்டிய நாளில், எந்தத் தேர்வு எதற்காகப் போடப்பட்டது என்று சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. இது சோம்பல் என்று மட்டும் நான் நினைக்கவில்லை, பொறுப்பின்மை. ஆலையிலும் மருத்துவமனையிலும் பத்தாண்டு ஓட வேண்டிய பெட்டிகள் இவை.

புறப்படும் முன் மூத்தவர் ஒரு தேர்வைக் காட்டினார். ஐகேகான்ஃபிக். இதைப் போட்டுக் கட்டினால், கெர்னல் எந்தத் தேர்வுகளோடு கட்டப்பட்டதோ அந்தப் பட்டியலே சுருக்கப்பட்டுக் கெர்னலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். அதன் துணைத் தேர்வையும் போட்டால், ஓடும் பெட்டியில் புராக் கோப்பகத்திலிருந்தே அதை எடுத்துப் படிக்கலாம். இடமும் பெரிதாகப் பிடிக்காது. "எல்லாத்தையும் குறைப்பேன், இதை மட்டும் எடுக்க மாட்டேன். நாளைக்கு இந்த கம்பெனியே இல்லைன்னாலும் பெட்டியைத் திறக்கிறவனுக்கு நாங்க என்ன செஞ்சிருக்கோம்னு தெரியணும்ல?" என்றார்.

லினக்ஸ் பெட்டி செய்து விற்கும் நம் ஊர் நிறுவனங்கள் அத்தனையும் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும். கெர்னலின் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமம் மூலநிரலைக் கேட்பவருக்குத் தரச் சொல்கிறது; காரணம் எழுதிய கான்ஃபிக்கையும் சேர்த்துத் தருவது அந்த உரிமத்தின் மனசுக்கு ஏற்ற செயல்.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் ஆள் குறைவு, போர்டின் விலை ஒரு தடையே இல்லை. மடிக்கணினியில் ஒரு லினக்ஸ், ரிஸ்க்-ஃபைவுக்கான கிராஸ் கம்பைலர், கியூஎமு என்ற மென்பொருள் பிராசசர் என மூன்றும் இலவசம். ஆர்க் என்பதற்கு ரிஸ்க்-ஃபைவ் என்று கொடுத்து டெஃப்கான்ஃபிக் போடுங்கள். கட்டுங்கள். கியூஎமுவின் 'விர்ட்' இயந்திரத்தில் பூட் செய்து பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு தேர்வை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். எது விழுகிறது, என்ன செய்தி வருகிறது என்று எழுதி வையுங்கள். விருதுநகர்ப் பையன் கல்லூரி விடுதியில் இப்படித்தான் ஆரம்பித்தார். நேர்காணலுக்கு அவர் கொண்டுபோனது அந்த நோட்டுப் புத்தகத்தைத்தான்.