ஈசல் பொரி

உலகத்திலே எங்கோ ஒரு மூலையில் மனிதர்கள் புழுவை வறுத்துத் தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், நம்மவர்களுக்கு ஒரே அருவருப்பு. "சிவ சிவா! இதையுமா மனுஷன் தின்பான்?" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பூர்விகம் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல்காடாக இருந்தால், வீட்டிலுள்ள மூத்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் முகத்தைச் சுளியுங்கள். "ஈசல் தின்றிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் அவர்கள் முகத்தில் ஒரு வெட்கம் தெரியும். அடுத்த நிமிஷம் நாக்கில் நீர் ஊறும்.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமம். 1923-ஆம் வருஷம் சிவகாசிக்கு வந்த தீப்பெட்டித் தொழிலும், அதன் பின்னாலேயே வந்த பட்டாசுத் தொழிலும் அங்கே தழைத்ததற்கு எங்கள் வானமும் ஒரு காரணம். மழை அபூர்வம், வெயில் தாராளம். மருந்தும் காகிதமும் பசையும் காய்வதற்கு வேறென்ன வேண்டும்? நான் சிறுவனாக இருந்த 1960-களில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஒட்டிய பெட்டியை எண்ணித்தான் கூலி. வெயில் அடித்தால் பெட்டி காயும். பெட்டி காய்ந்தால்தான் அடுப்பு எரியும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் சம்சாரிகளுக்கெல்லாம் சந்தோஷம். என் அம்மாவுக்கு மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஆனால் கூலியை நிறுத்திய அதே மழைதான் ஈசலையும் கொண்டுவரும்!

பகலெல்லாம் பெய்து, சாயங்காலம் வெறித்து, காற்று அசையாமல் புழுங்கினால் அப்பத்தாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். "ஏலே, புத்து வாய் திறந்திருக்கான்னு பாத்துட்டு வாங்கடா!" என்று எங்களை விரட்டுவாள். ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு புற்று. வேலைக்காரக் கறையான்கள் அதன் சுவரில் கீறல் கீறலாக வழி திறந்துவிட்டிருக்கும். பெரிய தலையுள்ள சிப்பாய்க் கறையான்கள் வாசலில் காவல் நிற்கும். உடனே பக்கத்தில் குழி தோண்டி, வாயகன்ற பானையை இறக்கி, மேலே சாக்கும் வேப்பங்கொப்பும் போட்டு மூடி, பானையோரமாக அரிக்கேன் விளக்கை வைப்போம். வெளிச்சத்தைத் தேடி ஈசல் ஆயிரமாயிரமாக வந்து விழும்.

பானை நிறைவதற்குள் அப்பத்தா விளக்கை எடுத்துவிடுவாள்.

"இன்னும் வருதே அப்பத்தா!"

"போதும்டா ராசா. மிச்சம் தவளைக்கும் ஆந்தைக்கும் புத்துக்கும். எல்லாத்தையும் நாமளே வாரிக்கிட்டா அடுத்த வருஷம் எவன் தருவான்?"

மறுநாள் காலையில் மண்சட்டியில் எண்ணெய் விடாமல் வறுப்பாள். இறகெல்லாம் சருகாக உதிரும். சுளகில் போட்டுப் புடைத்தால் இறகு பறந்துபோய், பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஈசல் மட்டும் மிஞ்சும். அதோடு பொரியரிசி, பொரிகடலை, உப்பு, வறுத்த மிளகாய் சேர்த்துக் கலந்தால் ஈசல் பொரி தயார். ருசி எப்படி என்கிறீர்களா? நெய்யில் வறுத்த நிலக்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். "ரொம்பத் தின்னா வயித்தால போகும்" என்று ஆளுக்கு ஒரு கைதான் அளந்து கொடுப்பாள்.

ஒரு நாள் வாழ்ந்து மடிவதை 'ஈசல் வாழ்வு' என்கிறோம். அது பாதிதான் உண்மை. ஈசல் தனி ஜாதிப் பூச்சி அல்ல. கறையான் குடும்பத்து இளவரசனும் இளவரசியுமே ஈசல்கள். மண் நனைந்ததும் வெளியே பறந்து, இறகை உதிர்த்து, ஜோடி சேர்ந்து, புது ராஜ்யம் ஸ்தாபிக்கப் புறப்பட்டவை அவை. பெரும்பாலானவை வழியிலேயே யாருக்காவது இரையாகிவிடும். தப்பிப் பிழைத்த ராணி பல வருஷங்கள் முட்டையிட்டு வாழ்வாள். புதுக் குடித்தனத்துக்கென்று கொழுப்பையும் புரதத்தையும் உடம்பிலே சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் ஈசல் கிளம்புகிறது. கூலியில்லாத மழை நாளில், பருப்புக்கு வழியில்லாத வீட்டுக் குழந்தைகள் வயிற்றுக்கு அந்தச் சீதனம் வந்து சேர்ந்தது.

இது பஞ்சத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சங்க காலத்துக் கபிலர், பாரியின் பறம்பு மலையில் செம்புற்று ஈயலை மோரிலே புளிக்க வைத்துச் சமைத்ததைப் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஈயல்தான் நம் ஈசல். அகநானூற்றுப் பாட்டு ஒன்றில் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈசலும் சேர்த்து ஆக்கிய சூடான புளிச்சோறு வருகிறது. வள்ளல் பாரியின் சீமையில் செழிப்புக்கு அடையாளமாகச் சொன்ன பண்டம், நம் காலத்தில் ஏழைக்கு அடையாளமாகிவிட்டது!

மற்ற ஊர்களைப் பாருங்கள். நீலகிரியில் தேனெடுக்கும் மலைமக்கள் அடையிலுள்ள தேனீப் புழுவையும் விடுவதில்லை. அஸ்ஸாமில் ஆமணக்கிலை தின்று வளரும் எரிப் பட்டுப்புழு நூலுக்கும் ஆகும், சமையலுக்கும் ஆகும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் ஜில்லாவில் முசுறு எறும்பை முட்டையோடு அரைத்துச் செய்யும் துவையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. போர்னியோ தீவின் சரவாக்கில் ஸாகோ மரத்தில் வளரும் கொழுத்த வெள்ளைப் புழு விருந்துப் பண்டம். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா நாடுகளில் மொபானி மரத்துப் புழுவைக் குடலைப் பிதுக்கி, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்து மூட்டை மூட்டையாக விற்கிறார்கள். எங்கள் ஊர் மாதிரியே அவர்களுக்கும் வெயில் தேவையாயிருக்கிறது! ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1,900-க்கும் மேற்பட்ட பூச்சி வகைகள் மனிதருக்கு உணவாகின்றன என்றும், சுமார் 200 கோடிப் பேர் அவற்றை உண்கிறார்கள் என்றும் அதில் கண்டிருக்கிறது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியமே மாவுப்புழுவை உண்ணலாம் என்று சட்டப்படி அனுமதித்துவிட்டது.

நம் கதைக்கு வருகிறேன். என் அக்காளை மதுரையில் வசதியான வீட்டில் கொடுத்திருந்தோம். முதல் மசக்கை. மாங்காய், சாம்பல் என்று எதுவும் கேட்காமல், "அம்மா, எனக்கு ஈசல் பொரி வேணும்" என்று கடுதாசி போட்டுவிட்டாள். அம்மாவுக்குத் திகைப்பு. சம்பந்தி வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடாதா? தூக்குவாளியின் அடியில் ஈசல் பொரியைப் போட்டு, காகிதம் விரித்து, மேலே சாத்தூர்க் காராச்சேவைப் பரப்பி எடுத்துப்போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

அக்காளின் மாமனார் காராச்சேவுப் பிரியர். வாளியைக் கண்டதும் கையை விட்டார். கை ஆழம் வரைக்கும் போய்விட்டது! வெளியே வந்த பிடியை உற்றுப் பார்த்தார். அம்மா வெலவெலத்துப் போனாள். அவரோ அந்தப் பிடியை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"முப்பது வருஷமாச்சு தங்கச்சி. எங்க ஆத்தா போனதோட போச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளே சொல்லிடாதீங்க. அவளுக்கு இதெல்லாம் ஆகாது" என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து சம்பந்தியம்மாள் குரல் வந்தது: "எனக்கும் ஒரு கை மிச்சம் வைங்க!"

ஒரே வீட்டில் ஈசல் தின்று வளர்ந்தவர்கள் மூன்று பேர். ஒருவருக்கொருவர் தெரியாமல் மூன்று பேரும் மறைத்து வைத்திருந்தார்கள்! எத்தனை வீடுகளில் இப்படியோ? பணம் கொஞ்சம் சேர்ந்ததும், ஏழையாயிருந்த நாட்களை மறைக்க வேண்டி அந்த நாட்களில் தாங்கிய பண்டத்தையும் மறைத்தோம்.

எங்கள் ஓடைக்கரைப் புற்று இப்போது இல்லை. நிரவி மனை போட்டுவிட்டார்கள். மழை இரவில் தெருவிளக்கின் அடியில் விழும் ஈசலைக் காலையில் பெருக்கிக் குப்பையில் கொட்டுகிறார்கள். அதை எடுத்து வறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூச்சிமருந்து அடித்த இடத்து ஈசல் ஆகவே ஆகாது. இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு ஈசலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். எந்தப் புழுக்கத்தில் புற்று திறக்கும், சட்டி எவ்வளவு காய வேண்டும், எப்போது விளக்கை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் கிழவிகளின் கைப்பழக்கத்தில் மட்டும் இருந்த பாடம். அந்தக் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த ஐப்பசியில் ஒரு மழை நாள் சாயங்காலம் உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் "எனக்கொண்ணும் தெரியாதுப்பா" என்றுதான் சொல்லுவாள். நம்பாதீர்கள்!