எரவாணத்துத் தீப்பெட்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், மயிலம் பக்கம் உள்ளடங்கிய ஊர் எங்களுடையது. தெருவில் மெத்தை வீடு ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கூரை. அடியில் பனை ஓலை, மேலே கரும்புச் சோகை. சித்திரை வெயிலில் அது ஒரு காய்ந்த வாசனை விடும், அணில் ஓடினால் தலையில் தூசி கொட்டும், ஆயா கஞ்சிக் குண்டானை மூடிக்கொண்டே "நெருப்பு மட்டும் வராம இருந்தா சரி" என்பாள். அணிலுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

காத்து கிளம்புவதற்குள் சமையலை முடித்து, அடுப்பில் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே குப்பைமேட்டுக்கு எடுத்துப் போவாள். இத்தனை கட்டுக்காவல் உள்ள வீட்டில் தாத்தா பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் செருகி வைத்த இடம் எது தெரியுமா? எரவாணம். கூரை ஓலைக்குள்ளேயே! கருக்கரிவாளும் சீப்பும் என் புளியங்கொட்டை முடிச்சும் அதற்குப் பக்கத்துணை. ஆயா பயந்தது வீண்பயமும் இல்லை. 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் சமையல்கட்டிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனதே. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்து, 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்குவோம் என்றார்கள். ஆயா அதைப் பார்க்க இல்லை.

எனக்கோ நெருப்பு என்றால் கார்த்திகைதான். ஆண்பனையின் பூளையைப் பொறுக்கி வந்து குழியில் கொளுத்தி, எரியும்போதே மண்ணைப் போட்டு மூடினால் கருகருவென்று கரியாகிவிடும். அதை நுணுக்கி, பழந்துணியில் சுருட்டி, பிளந்த பனமட்டைக்கு நடுவே கட்டி, கங்கு வைத்துக் கயிற்றோடு சுற்றினால் தலையைச் சுற்றிப் பொறி கொட்டும். "மாவளியோ மாவளி" என்று தொண்டை கட்டுமட்டும் கத்துவோம். "ஏரிக்குப் போய்ச் சுத்துங்கடா, கூர பக்கம் வராதீங்க" என்று ஆயா துடைப்பத்தோடு வருவாள். ஐப்பசி மழையில் நனைந்த கூரையில் பொறி விழுந்தாலும் பிடிக்காது என்று அந்த வயசிலேயே என்னிடம் ஒரு வாதம் இருந்தது. சொன்னால் துடைப்பம் பதில் சொல்லும்.

உண்மையில் பற்றியது பங்குனி உத்திரம் கழிந்த ஒரு மத்தியானம், கோடி வீட்டில். எதனால் என்று கடைசிவரை தெரியவில்லை. மூங்கில் கணு படார் படாரென்று வெடித்தது. எரிகிற வீட்டுக்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லையே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆம்பிளைகள் எல்லாம் காத்து போகிற பக்கத்து வீட்டின்மேல் ஏறி, நன்றாக இருந்த கூரையைத் துரட்டி போட்டுப் பிய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆயா ஓடிப்போய் முதலில் அறுத்தது மாட்டுக் கயிற்றை. பிய்த்த இடம் வரை வந்து, தாவ ஓலை கிடைக்காமல் நெருப்பு நின்றது. குதிர் நெல் மட்டும் மறுநாளும் புகைந்தது, பொரி வறுக்கிற வாசனை தெரு முழுக்க. எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எனக்குப் பசித்தது.

பிறகு அரசாங்க நிவாரணம் வந்தது: அரிசி, வேட்டி, சேலை, கொஞ்சம் பணம், கூடவே மண்ணெண்ணெய். ஆயா அந்தப் புட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "எரிஞ்சது போதலன்னு கிருஷ்ணாயில் வேற குடுத்தனுப்பறானா?"

வீடு போனவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டியை வாங்கிக்கொண்டாள். "குடு பெரிம்மா, சாயங்காலம் வெளக்குக்கு ஆவும்."