அப்பத்தாவுக்கு ஓர் இல்லம்

அப்பத்தா என் பெயரை மறந்து ஈராண்டாகிறது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் முதன்முதலில் விவரித்த நோய். நள்ளிரவில் கதவைத் திறந்து தெருவில் இறங்கிவிடுவார். அம்மா உறங்கி வெகுநாளாயிற்று. ஆகவே அப்பாவும் நானும் முதியோர் இல்லம் தேடிப் புறப்பட்டோம்.

முதல் இல்லத்தில் தரை கண்ணாடியாய் மின்னியது. மேலாளரும் இனிமையாகவே பேசினார். ஆனால் இந்நோயாளர் பலருக்கு அந்தி சாய்ந்தால்தான் தடுமாற்றம் மிகும். எனவே மறுநாள் மாலை சொல்லாமலே சென்றோம். (அப்பாவுக்கு இதில் சற்றுக் கூச்சந்தான்!) ஒரு மூதாட்டியின் கை கட்டிலோடு துணியால் கட்டப்பட்டிருந்தது. "விழுந்துடுவாங்க சார்" என்றார் பணிப்பெண். முப்பது பேருக்கு இரவில் அவர் ஒருவரே!

இரண்டாவது, காரை உதிர்ந்த பழைய ஓட்டு வீடு. ஆயினும் கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, உள்தாழ்ப்பாள் இல்லை. முதுகில் புண் வராதிருக்க, படுத்த படுக்கையானவர்களை இரவிலும் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அங்கிருந்த ஆயா கட்டணம் பற்றிப் பேசவில்லை. "பாட்டி காப்பி குடிப்பாங்களா, டீயா? எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வெற்றிலைப் பெட்டியையும் அனுப்பலாமா என்றேன்.

"கட்டாயம் அனுப்புங்க தம்பி. வெறும் பெட்டின்னாலும் கையிலே இருக்கட்டும்."

அப்பா முன்பணம் கட்டினார்.