அசகான் சடக்கும் கொதிக்கும் என்ஜினும்

மலாக்கா என்றதும் உங்கள் கண்முன் வருவது சிவப்புக் கட்டடமும் கோட்டை வாசலும்தான். வெளியூர்க்காரர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, ஜோங்கர் தெருவில் ஒரு செண்டோல் குடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வாசக அன்பர்களே, நான் உங்களை அழைத்துப் போக நினைப்பது வேறு பக்கம். ஆயர் குரோ, பெம்பான், ஜாசின் என்று உள்நாட்டுப் பக்கம் திரும்பி, தார்ச் சாலை முடிந்து செம்மண் சடக்கு தொடங்குகிற தோட்டப்புறம். 1,276 மீட்டர் உயரத்தில் லேடாங் மலை நீலமாக எழுந்து நிற்கும் அசகான் பக்கம். அங்கே போகும் வண்டியைப் பற்றியும், அந்த வண்டியின் சூட்டைப் பற்றியும்தான் இன்று பேச்சு.

அசகான் சாதாரணப் பெயர் அல்ல. மலாக்கா வணிகர் டான் சாய் யான் 1896-ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டுப் பார்த்தார். மலாயாவில் வணிகத்துக்கென்று ரப்பர் போட்ட முதல் தோட்டம் அதுதான். கன்றுகள் பிழைத்துக்கொண்டதும், புக்கிட் அசகானில் பெரிய தோட்டத்தைத் திறந்தார். பிறகு நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து நிரை பிடித்த கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று அந்தப் பால்மரங்களில் பெரும்பகுதி போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் பிறந்த பிள்ளைகள் ஜாசினிலும் மலாக்கா டவுனிலும் தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஆனால் கோயில் அங்கேயே நிற்கிறதே! ஆடி மாதம் பிறந்தால் போதும், குடும்பத்தையும் பொங்கல் பானையையும் ஏற்றிக்கொண்டு எல்லா வண்டியும் செம்பனைக்குள் நுழைந்துவிடும்.

அந்தக் காலத்தில் இந்தச் சடக்கில் ஓடிய வண்டி லேண்ட்ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்ட வண்டி அது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் நம் மழையிலும் அதன் மேல்தகடு துருப்பிடிக்கவில்லை. துரை மலைக்காடு பார்க்கப் போனதும் அதில்தான், சம்பளப் பணம் வந்ததும் அதில்தான். நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, தோட்டத்து டிரெஸர் கையை விரித்துவிட்டால், ஜாசின் ஆஸ்பத்திரிக்கோ மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கோ ஓடியதும் பல தோட்டங்களில் அதே வண்டிதான். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். என்ஜின் சூடு அன்றைக்கு வண்டிக்காரன் கவலை மட்டுமல்ல, லயமே கவலைப்பட்ட விஷயம்.

அந்த வண்டியைச் செய்தவர்களுக்கும் நம் வெயில் தெரிந்துதான் இருந்தது. வெப்ப நாடுகளுக்கென்று கூரைக்கு மேல் இன்னொரு கூரைத் தகடு வைத்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டார்கள். முன் கண்ணாடிக்குக் கீழே திறந்து மூடும் இரண்டு பலகைகள் வைத்தார்கள். இவையெல்லாம் உள்ளே உட்காருகிறவருக்கு. என்ஜினுக்கு மேலே இருக்கிற பானெட்டில் ஒரு துளையும் இல்லை. போதாக்குறைக்கு, பல வண்டிகளில் ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தப் பானெட்டின் மேலேயே படுக்க வைத்துவிட்டார்கள்!

பானெட்டை வெட்டிக் காற்றுத் துளை வைக்கிற வழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் இப்போது அதிகம் பேசப்படுகிறது. 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் காட்டுப் பந்தயத்தின் படங்களைப் பார்த்த இளைஞர்கள் ஜிம்னிக்கும் பழைய லேண்ட்ரோவருக்கும் ஹைலக்ஸுக்கும் துளை போடக் கேட்கிறார்கள். போடலாமா, வேண்டாமா?

பதிலை நம் தோட்டத்திலேயே தேடலாம். ரப்பர் ஷீட் காய வைக்கும் புகைக்கூடத்தை நினைவிருக்கிறதா? ஷீட்டுகளை மூங்கில்களில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போடுவார்கள். முதலில் சூடு நாற்பது பாகையை ஒட்டி இருக்கும், போகப்போக அறுபது வரை ஏற்றுவார்கள். கூரையில் திறப்பு இருக்கும், அடியிலும் காற்று நுழைய வழி இருக்கும். மேல் திறப்பை அகலத் திறந்துவிட்டுக் கீழ் வழியைச் சாம்பலால் அடைத்து வைத்தால் ஈரம் வெளியேறாது, ஷீட் புழுங்கிப் போகும். ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மலாக்கா டவுனில் பாபாக்களின் நீண்ட வீடுகள் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டதும் இதே கணக்குத்தான். வாசலில் நுழைகிற காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடுகிறது.

பானெட்டுக்குள்ளும் இதே சங்கதி. ரேடியேட்டர் வழியாக உள்ளே வருகிற காற்று சூடாகி, என்ஜினைச் சுற்றி, கீழ்ப்பக்கமாக வெளியே போக வேண்டும். வேகமாக ஓடினால் எதிர்க்காற்றே தள்ளிவிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த எதிர்க்காற்றின் அழுத்தம் சுமார் 30 மில்லிமீட்டர் நீர் மட்டத்துக்குச் சமம். இருபது கிலோமீட்டரில் அது 2 மில்லிமீட்டர்கூட இல்லை. வேகம் நாலில் ஒரு பங்கானால் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். பழ லோரிக்குப் பின்னால் குழி குழியாக ஊர்ந்து போகிற நம் சடக்கில் எந்த வண்டியும் இருபதைத் தாண்டுவதில்லை. அங்கே காற்றை இழுப்பது விசிறி ஒன்றுதான். இழுத்த சூட்டுக் காற்று பானெட்டுக்கு அடியிலேயே தேங்கி நிற்கும். மேலே ஒரு வழி விட்டால், சூட்டுக் காற்று தன் போக்கில் எழும்பிப் போய்விடும். வண்டியை நிறுத்திய பிறகு இன்னும் நல்ல பலன். என்ஜின் நின்றதும் விசிறியும் நிற்கிறது, தண்ணீரும் ஓடுவதில்லை. ஆனால் இரும்பில் ஏறிய சூடு உடனே போய்விடுமா? பானெட்டுக்கு அடியில் சூடு அப்போதுதான் ஏறுகிறது. கார்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளில் இதனால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகும். பெட்ரோலின் லேசான பகுதிகளுக்கு நாற்பது பாகையே போதும். கோயில் வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி முடுக்கினால் வண்டி இருமுகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

ஆனால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பானெட்டுக்கு அடியில் இருக்கிற காற்றின் சூடு ஒன்று, ரேடியேட்டர் தண்ணீரின் சூடு இன்னொன்று. துளை போட்டால் முதலாவது நன்றாகக் குறையும். வயர்களும் ரப்பர் குழாய்களும் பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். இரண்டாவது குறைவது சொற்பம்தான். ரேடியேட்டரின் கண்கள் சேற்றாலும் லாலாங் பூவாலும் செம்பனை நாராலும் அடைந்து கிடந்தால், பானெட்டைச் சல்லடையாக்கினாலும் வண்டி கொதிக்கத்தான் செய்யும். கீழ் வழி அடைத்த புகைக்கூடம் மாதிரி.

ஆகவே பட்டறையில் ரம்பத்தை எடுப்பதற்கு முன் தண்ணீர்க் குழாயை எடுக்கச் சொல்லுங்கள். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் ரேடியேட்டரைக் கழுவ வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் விசிறி ஒரே காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பெல்ட் தளர்வைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். சில வெள்ளி விலையுள்ள அந்த மூடிதான் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரு பார் அளவு கூடுதல் அழுத்தம் இருந்தால் தண்ணீர் நூறு பாகையில் கொதிக்காது, நூற்றிருபது வரை தாங்கும். அதனால்தான் சூடான என்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனை தண்ணீரும் பொங்கி முகத்தில் அடிக்கும். அதில் கையும் முகமும் வெந்தவர்கள் தோட்டப்புறத்தில் உண்டு. பக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு பழக்கமும் நம்மவர்களிடம் உண்டு. வண்டி கொதித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். பழுதானால் புதிது போடுங்கள், இல்லாமல் ஓட்டாதீர்கள். என்ஜின் சீக்கிரம் சூடேறி, சரியான சூட்டிலேயே நிற்பதற்கென்றே அது இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு தேங்குகிறதா? சரி, துளை போடலாம். எங்கே போடுவது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில், பானெட்டின் பின் ஓரத்தில் போட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வேகமாக ஓடும்போது காற்று கண்ணாடியில் மோதித் தேங்கி நிற்கிற இடம் அது. அங்கே காற்று வெளியே வராது, உள்ளேதான் போகும். பானெட்டின் பின் பக்கக் கீலில் வாஷர் வைத்துத் தூக்கிவிடுகிற யோசனையும் இதே குறையுள்ளது. அது மட்டுமல்ல, வண்டிக்குள் வருகிற காற்றின் வாய் பல வண்டிகளில் அந்த இடத்தில்தான் இருக்கிறது. புகைக் குழாயில் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் நச்சு வாயு குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த யோசனையை நான் ஏற்க மாட்டேன்.

நல்ல இடம் பானெட்டின் முன் பாதி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். அங்கே காற்று வளைந்து மேலேறும்போது அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் சூட்டை அது உறிஞ்சி எடுக்கும். வாய் பின்பக்கம் பார்த்த மாதிரி, மீன் செவுள் போன்ற மடிப்புத் தகடு வைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே சோதிக்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை 'யு' எழுத்துப் போல் வளைத்துப் பாதி சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நுனியைப் பானெட்டுக்கு அடியிலும், இன்னொன்றை வெளியே நீங்கள் நினைத்த இடத்தில் தகட்டோடு ஒட்டியும் வைத்து, வளைவை உள்ளே உட்காருகிறவர் கையில் கொடுங்கள். நல்ல சாலையில் ஓட்டும்போது வெளி நுனிப் பக்கம் தண்ணீர் ஏறினால் அந்த இடம் சூட்டை இழுக்கும். இறங்கினால் இடம் மாற்றுங்கள். ஒரு வெள்ளிச் செலவில் பானெட் தப்பிக்கும்.

இரவல் அறிவு ஆபத்தானது என்பதற்கு ஹைலக்ஸ் ஓர் உதாரணம். 2005-க்குப் பின் வந்த 3 லிட்டர் டர்போ டீசல் ஹைலக்ஸின் பானெட்டில் ஒரு வாய் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'கம்பெனியே துளை போட்டிருக்கிறது' என்பார்கள். அது சூடு வெளியேற அல்ல, அடியில் இருக்கும் இன்டர்கூலருக்குக் காற்று உள்ளே போக. முன்பக்கம் பார்த்து வாயைத் திறந்திருக்கும். அதைப் பார்த்து உங்கள் ஜிம்னியிலும் முன் பார்த்த வாய் வைத்தால், வேகத்தில் பானெட்டுக்குள் காற்று நிரம்பி, ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்றையே தடுத்துவிடும். இரட்டை ஒட்டு நாடாவில் ஒட்டுகிற அலங்காரத் துளைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவற்றால் கெடுதலாவது இல்லை.

வெட்டும் வேலை நுணுக்கமானது. பானெட்டுக்கு அடியில் ஓடும் எலும்புச் சட்டத்தைத் தொடக் கூடாது. மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டுப் பிறகு வெட்டினால் தகடு கிழியாது. லேண்ட்ரோவரின் அலுமினியத்தில் இரும்பு ரிவெட் அடித்தால் இரண்டும் சேரும் இடம் ஈரத்தில் அரித்துப் போகும், அலுமினிய ரிவெட்டே அடியுங்கள். டயர் பானெட்டின் மேல் இருந்தால் பின் கதவுக்கு மாற்றுங்கள். மறக்காமல் துளைக்கு அடியில் தகரத் தட்டு ஒன்றைச் சாய்வாக வைத்து, மழைத் தண்ணீரை ஓரமாக இறக்கிவிடுங்கள். சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று மலாக்காக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் விழுந்தால், சூட்டில் நிற்காத வண்டி மழையில் நின்றுவிடும்.

வெட்டுவதற்கு முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959-ஆம் ஆண்டின் வாகன அமைப்பு விதிகளும் இருக்கின்றன. காப்புறுதிக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பலன் தெரிந்ததா என்று பார்க்க வேண்டுமானால், துளைக்கு முன்பும் பின்பும் ஒரே சடக்கில், ஒரே சுமையோடு, மத்தியான வெயிலில் ஓட்டிப் பாருங்கள். பானெட்டுக்கு அடியில் ஒரு வெப்பமானியைக் கட்டிவிட்டு, தண்ணீர் முள்ளையும் சேர்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஜாசினிலிருந்து அசகான் அருவிப் பக்கம் ஏறிப் போகும்போது குறித்த கணக்குத்தான் கணக்கு. திரும்பி வரும்போது சடக்கு இறக்கம், வெயிலும் சாய்ந்திருக்கும், துளை இல்லாத வண்டியிலும் முள் கீழேதான் நிற்கும்.