ஒரு பட்டையில் இரண்டு பாளை

பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்களுக்கு திருவண்ணாமலை வழியில் வரும் ஊர். பெங்களூருக்குச் சுமார் 200 கிலோமீட்டர், பாண்டிக்கு 100 சொச்சம். இரண்டு முனையிலும் பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற கடைகள் வந்துவிட்டன. (நடுவில் அண்ணாமலையார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்!)

போன கோடையில் பெங்களூர் நண்பர் ஒருவர் 'சீஸன் ஸ்பெஷல்' என்று ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். கோதுமை ஏலும் இந்தியா பேல் ஏலும் கலந்தது. ஏல் என்றால், கொஞ்சம் வெதுவெதுப்பிலேயே புளிக்க வைக்கிற பீர். ஜெர்மன் பாணி கோதுமை ஏலில் பழமே போடாமல் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வரும். எல்லாம் ஈஸ்ட் பார்க்கிற வேலை. இந்தியா பேல் ஏலோ வெள்ளைக்காரர்களுக்காக இங்கிலாந்திலிருந்து நம் கரைக்குக் கப்பலேறி வந்த சரக்கு. ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலாக இருக்கும். 2007-லேயே ஜெர்மனியின் ஷ்னைடரும் நியூயார்க்கின் புரூக்ளினும் சேர்ந்து இப்படி ஒரு கலப்பு செய்தார்கள். நாக்கில் வாழைப்பழம், தொண்டையில் வேப்பம்பூ. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

"ஃப்ரெஷ் சார், லோக்கல் சார், சீஸன் போனா கிடைக்காது" என்றார் பரிமாறியவர்.

இந்த மூன்றையும் சொல்லாமலே விற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற ரோட்டில், புளியமரத்தடியில், குடத்தோடு நிற்கிற பதநீர்க்காரர். விடியுமுன் மரமேறி இறக்கியது. கோடையோடு சரி. மிஞ்சினதை நாளைக்கு விற்க முடியாது. நான் பி.காம். படித்தவன், குளோசிங் ஸ்டாக்கே இல்லாத வியாபாரம் இது ஒன்றுதான்.

ஓலைப் பட்டையை மடித்து, பதநீர் ஊற்றி, நுங்கை விரலாலேயே சீண்டிப் போட்டுத் தருவார். இங்கே ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? பாளையைச் சீவினால் அதில் காய் வராது. காய்க்க விட்டால் அதில் பதநீர் கிடையாது. ஆண் பனையில் நுங்குக்கு வழியே இல்லை. ஆக, உங்கள் கையிலிருக்கிற பட்டையில் எப்படிப் பார்த்தாலும் ரெண்டு பாளை, பெரும்பாலும் ரெண்டு மரம். இனிப்பும் லேசான சுண்ணாம்புக் காட்டமும் முதலில். பிறகு வழுவழுவென்று நுங்கு.

அந்தச் சுண்ணாம்பில்தான் விவகாரமே. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலிருக்கிற ஈஸ்ட் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஏறக்குறைய பீர் அளவு போதைதான். பீர் டாஸ்மாக்கில் அரசாங்கமே விற்கிறது. கள்ளுக்கு 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை. இதே ரோட்டில் கிழக்கே போய் பாண்டிச்சேரி எல்லையைத் தொட்டால் கள்ளுக்கடை உண்டு. கேரளாவிலும் உண்டு. பனைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஏறுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சுண்ணாம்பு கொறைஞ்சா போலீஸு புடிக்கும். அதிகமானா நீங்க துப்பிடுவீங்க. எத்தினி போடறதுன்னு கைக்குத்தான் தெரியும் சார்" என்றார். பெங்களூரில் இந்த வேலைக்கு எஃகுத் தொட்டி, தெர்மாமீட்டர், படித்த ஆள் எல்லாம் உண்டு. கிளாஸுக்கு நானூறு ரூபாய் பில்லும் உண்டு.

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசாங்கம் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் மரம் நிற்கும், ஏற ஆள்?

"பையன் ஏறுவானா?" என்று கேட்டேன்.

"அவன் ஏறுனா, இந்த வயசுல நான் எதுக்கு சார் ஏறறேன்?"

பட்டையை இன்னொரு தரம் நிரப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை.