கதிரை மேசைக்கு எந்த உறை?

எம்மவர் வீடுகள் பலவற்றில் புதுச் செற்றியின் பொலித்தீனைக் கழற்றுவதேயில்லை. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்ட சனத்துக்கு, தளபாடங்களை மூடிவைக்க எங்கே அவகாசம்?

ஆனால், வீடு மாறும்போது களஞ்சிய அறையில் வைப்பதற்கும் கப்பலில் ஊருக்கு அனுப்புவதற்கும் இந்தப் பொலித்தீன் தோதல்ல. ரொறன்ரோவில் கோடையில் புழுக்கம், மாரியில் உறைகுளிர். பொலித்தீனால் இறுகச் சுற்றிய மரத்தில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கொள்கலனுக்குள்ளோ, வெளியே குளிர்ந்ததும் கூரையில் நீர் துளிர்த்துச் சாமான்மேல் சொட்டும். எனவே அலுமாரியை நன்கு உலரவிட்டு, முதலில் பழைய பருத்திச் சேலையாற் போர்த்துங்கள். (நூற்சேலையைவிட நல்ல உறை கடையில் இல்லை என்பது என் எண்ணம்.) அதன்மேல் படங்கைத் தளர்வாகப் போடுங்கள், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றுங்கள். தோற் செற்றிக்கும் துணிதான்.

மெத்தைக்கு மட்டும் முழுதாக மூடிய பொலித்தீன் உறை வேண்டும். மூட்டைப்பூச்சி களஞ்சியத்திலும் லொறியிலும் தொற்றும். ஈர மெத்தையை அதற்குள் அடைக்கவேண்டாம்.

அம்மாவுக்குத் தையல் மெசின் அனுப்புவோர், மூடுமுன் இரும்புப் பாகங்களுக்கு எண்ணெய் பூசுங்கள். கடற்காற்று துணிக்குள்ளும் புகும்.