வாட்டர்லூ: கம்பஸைச் சுற்றி ஒரு ஊர்

ரொறன்ரோவிலிருந்து 401 வழியாக மேற்கே நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் கிச்சனரும் வாட்டர்லூவும் வரும். ஒட்டிக்கொண்டிருக்கிற இரட்டை ஊர். வாட்டர்லூ என்றாலே எங்கட ஆக்களுக்கு கம்ப்யூட்டர் படிப்புத்தான். பிள்ளைக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டால் கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாத்திலும் அதே கதை. இந்தமுறை நான் போனது கம்பஸைப் பார்க்க இல்லை, ஊரைப் பார்க்க.

கிச்சனர் டவுன்டவுன் முழுக்கப் பழைய செங்கல் கட்டடங்கள். முன்பு தோல் பதனிட்ட லாங் டானரிக்குள் இப்போது ஸ்டார்ட்அப் கம்பனிகள் இருக்கின்றன. ஒரு பழைய ரப்பர் தொழிற்சாலையில் கூகுள் அலுவலகம். தொழிற்சாலை மூடி வாடிப்போன ஊர்கள் கனக்க இருக்க, இது மட்டும் எப்படி நிமிர்ந்தது?

1956இல் பொறியியலாளர்கள் போதாது, படிப்பையும் வேலையையும் மாறி மாறிக் கொடுப்போம் என்று மேடையில் பேசியவர் ஐரா நீடில்ஸ். அவர் பேராசிரியர் இல்லை, ரப்பர் கம்பனித் தலைவர்! அடுத்த வருசமே, 1957இல், பல்கலைக்கழகம் கோ-ஆப் முறையோடு தொடங்கியது. இன்றும் நாலு மாதம் வகுப்பு, நாலு மாதம் சம்பளத்தோடு வேலை.

இன்னொன்றும் உண்டு. அங்கே கண்டுபிடிப்பின் உரிமை கண்டுபிடித்தவருக்கே. அதனால் ஆய்வுகூடத்திலிருந்து கம்பனிக்குப் போகிற பாதை சுலபம். ஆக்ஸ்போர்ட் அகராதியைக் கணினியில் ஏற்றிய ஆய்விலிருந்து பிறந்ததுதான் ஓப்பன்டெக்ஸ்ட். பிளாக்பெரியைத் தந்த கம்பனியை 1984இல் தொடங்கிய மைக் லசாரிடிஸும் அங்கே படித்தவர்தான்.

2013இல் பிளாக்பெரி 4,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஊரின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை. வேலை போன பொறியியலாளர்களில் பலரை மற்றக் கம்பனிகள் எடுத்தன, சிலர் சொந்தமாகத் தொடங்கினார்கள். கம்பனி விழுந்தாலும் கைத்தொழில் தெரிந்த ஆட்கள் ஊரில் இருந்தார்கள்.

எல்லாம் இனிப்பு இல்லை. படித்து முடித்த கனபேர் கலிபோர்னியாவுக்குப் பறக்கிறார்கள். வீட்டு வாடகை ஏறி, முன்பிருந்தே வாழ்கிற சனத்தை இடிக்கிறது.

பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தேடும்போது நாங்கள் ராங்கிங் பட்டியலைத்தான் புரட்டுகிறோம். அதோடு இதையும் கேளுங்கள்: அந்த ஊரில் இவர்களை வேலைக்கு எடுப்பது யார்? படிக்கும்போதே அவர்களோடு பழக வழியிருக்கிறதா? பிள்ளை படிப்பு முடிந்தும் எங்களுக்குக் கிட்டவே இருக்குமா என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது.